பூனைக்குச் சலம் அடைபடாமல் இருக்க என்ன சாப்பாடு கொடுக்கலாம்? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு விசுவமடுப் பக்கம். நாலு பூனைகள் இருக்கின்றன. இரண்டு வயலுக்குப் போய் எலி பிடிக்கிறவை, மற்ற இரண்டும் அடுப்படியை விட்டு அசையாதவை. சலம் அடைபட்டுச் சாகப் பார்த்தது அடுப்படிக் கடுவன்தான். சூடை மீன் என்றால் உயிர் என்பதால் அவனுக்குப் பெயர் சூடையன். (சலம் என்று நாங்கள் சொல்வது சிறுநீரை, கடுவன் என்பது ஆண் பூனையை. வெளியூர்க்காரர் குழம்ப வேண்டாம்.) அவன் பிழைத்த கதை ஊரில் பரவியதில் இருந்து தருமபுரம், புதுக்குடியிருப்பு, பரந்தன் என்று நாலு பக்கத்தில் இருந்தும் ஆட்கள் என்னைக் கேட்கிறார்கள். நான் வைத்தியர் இல்லை. மிருக வைத்தியரிடம் கேட்டதும் தேடி வாசித்ததும் ஐந்தாறு வருடமாகச் செய்து பார்த்ததும்தான் இது. கேள்விகள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருவதால் ஒரு இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கடுவன் பூனை குந்திக் குந்தி முக்குகிறது, ஒரு சொட்டும் வரவில்லை. என்ன சாப்பாடு கொடுக்க?

சாப்பாட்டுக் கதையை இப்போதைக்கு விடுங்கள். இன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள், விடியட்டும் என்று பார்க்க வேண்டாம். கடுவன் பூனைக்குச் சலம் வரும் குழாய் நுனிக்குப் போகப் போக ஒடுங்கிக்கொண்டு போகும். அந்த ஒடுக்கத்தில் சளியும் மணல் போன்ற பளிங்குத் துகள்களும் சேர்ந்து இறுகிவிட்டால் சலப்பை நிரம்பிக் கல்லுப் போலாகிவிடும். சலத்தோடு வெளியே போக வேண்டிய பொற்றாசியம் இரத்தத்தில் ஏறும், அது ஏறினால் இதயம் நின்றுவிடும். முழு அடைப்பு என்றால் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள், அவ்வளவுதான். அடிவயிற்றை மெதுவாகத் தொட்டால் சின்னத் தோடம்பழம் போல இறுக்கமாக ஒன்று தட்டுப்படும். தொட்டுப் பார்க்கலாம், அமுக்கக் கூடாது. அமுக்கினால் சலப்பை உள்ளுக்குள்ளேயே வெடித்துவிடலாம்.

சூடையனுக்கு வந்தபோது நான் மலச்சிக்கல் என்றுதான் நினைத்தேன். முற்றத்து மணலைக் கிளறுவான், குந்துவான், கண்ணை இடுக்குவான், எழும்பி இரண்டு அடி தள்ளிப் போய் இன்னொரு இடத்தைக் கிளறுவான். நான் மகா கெட்டிக்காரி, ஒரு கரண்டி தேங்காயெண்ணெய் பருக்கிவிட்டேன். பின்னேரம் சத்தி எடுத்தான். அடுத்த நாள் காலை மீன்காரத் தம்பியின் மோட்டார் சைக்கிள் ஒழுங்கையில் திரும்பும் சத்தம் கேட்டும் அவன் தலையைத் தூக்கவில்லை, அப்போதுதான் எனக்கு நெஞ்சு திக்கென்றது. றெஜிபோம் பெட்டியில் சாக்கு விரித்து ஓட்டோவில் கொண்டு ஓடினோம். வைத்தியர் குழாய் விட்டு எடுத்த சலம் பிளேன்ரீ நிறத்தில் இருந்தது, அடியில் மணல் மாதிரி ஒரு படிவு. மூன்று நாள் சேலைன். இந்தப் பூனை மலத்துக்கு முக்குகிறதா சலத்துக்கு முக்குகிறதா என்று வீட்டில் இருந்து பிரித்தறிவது கஷ்டம், அதனால் கடுவன் முக்கினால் சலம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நினைத்தது பிழை என்றால் ஓட்டோக் காசுதான் நட்டம்.

இன்னொன்று. கால்நடை அலுவலகங்களில் பெரும்பாலும் மாடு, ஆடு, கோழி வேலைதான், வைத்தியர் வெளியே போயிருப்பார், பின்னேரமும் சனி ஞாயிறும் கதவு பூட்டியிருக்கும். பூனை சுகமாக இருக்கும் நாளிலேயே போய், இரவில் அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டு நம்பரை எழுதி வையுங்கள்.

பெட்டைப் பூனைக்கு வராதா?

வரும். சலக்கடுப்பு, இரத்தம், கல்லு எல்லாம் வரும். குழாய் அகலமானதும் கட்டையானதும் என்பதால் முழுதாக அடைபடுவது அரிது. கடுவன் அளவுக்கு உயிர் ஆபத்து இல்லை, நோவு அதே நோவுதான்.

இது ஏன் வருகிறது அக்கா? கிருமியா? அன்ரிபயோட்டிக் கொடுத்தால் போகாதா?

மனிதருக்கு, அதுவும் பெண்களுக்கு, சலக்கடுப்பு என்றால் பெரும்பாலும் கிருமி. அந்தக் கணக்கைப் பூனைக்குப் போட்டால் பிழையாகிவிடும். இளம் பூனைகளில் கிருமியால் வருவது கொஞ்சம்தான். பத்து வயது தாண்டினவை, நீரிழிவோ சிறுநீரக நோயோ உள்ளவை என்றால் கிருமியை யோசிக்கலாம். மற்றப்படி பாதிக்கு மேலான பூனைகளில் தேடிப் பார்த்தால் கிருமியும் இருக்காது, கல்லும் இருக்காது, ஆனால் சலப்பையின் உட்பக்கம் அழன்று வீங்கி இரத்தம் கசியும். காரணம் தெரியாத சலப்பை அழற்சி என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பயம், சச்சரவு, அடைந்து கிடப்பது, உடல் பருமன், தடித்த சலம், இவை எல்லாம் சேர்ந்துதான் அதைக் கிளப்பும். மிச்சத்தில் ஒரு பங்கு கல்லு, ஒரு பங்கு நான் மேலே சொன்ன சளி அடைப்பு.

இத்தனை காரணத்திலும் நம் கையில் சுலபமாக அகப்படுவது ஒன்றுதான், சலம் தடிக்காமல் பார்ப்பது. அதற்குப் பூனையின் உடம்புக்குள் தண்ணீர் போக வேண்டும்.

தண்ணீர் எப்போதும் வைக்கிறோமே. குடிக்கிறதையும் பார்த்திருக்கிறோம். பிறகென்ன?

இதுதான் எல்லாரும் சறுக்குகிற இடம். வீட்டுப் பூனையின் பூட்டன் வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை, ஆபிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் பாலைவன ஓரத்தில் வாழ்ந்தது. தண்ணீரைத் தேடிப் போகாது, பிடித்த எலியில் இருந்தே எடுத்துக்கொள்ளும். ஒரு எலியின் உடம்பில் ஏறக்குறைய நூற்றுக்கு எழுபது தண்ணீர். பற்றாவிட்டால் சிறுநீரகம் சலத்தை இறுக்கித் தண்ணீரை மிச்சம் பிடிக்கும், அந்த வித்தையில் பூனை எங்களைவிடப் பெரிய கெட்டிக்காரன். ஆனால் தாகம் என்ற உணர்ச்சி அதற்கு மந்தம். காய்ந்த சாப்பாடு தின்கிற பூனை கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும், குறைந்த தண்ணீர் முழுதையும் குடித்து ஈடுகட்டாது.

ஒரு கணக்குச் சொல்கிறேன். நாலு கிலோ பூனைக்கு நாளொன்றுக்குச் சாப்பாட்டில் இருப்பதையும் சேர்த்து ஏறக்குறைய 200 மில்லிலீற்றர் தண்ணீர் வேண்டும், அதாவது ஒரு தேத்தண்ணிக் கிளாஸ். 60 கிராம் பூனை பிஸ்கட் தின்றால் அதில் இருந்து கிடைப்பது ஒரு தேக்கரண்டி, கிட்டத்தட்ட 6 மில்லிலீற்றர். மிச்சக் கிளாஸ் முழுவதையும் அது நக்கி நக்கியே குடிக்க வேண்டும். அதே பசிக்கு ஈரச் சாப்பாடு 240 கிராம் தின்றால் கோப்பைப் பக்கம் போகாமலே கிட்டத்தட்ட முழுக் கிளாசும் உள்ளே போய்விடும். எங்கள் வீட்டில் வயலுக்குப் போகிற இரண்டுக்கும் ஒரு நாளும் சலப் பிரச்சினை வந்ததில்லை. அவை தின்கிற எலியில் தண்ணீர் இருக்கிறது, ஓட்டமும் இருக்கிறது.

அப்படியென்றால் பிஸ்கட்டே கூடாதா?

கூடாது என்று சொல்ல மாட்டேன். விஸ்காஸ் மாதிரிப் பெயர் பெற்ற பூனை பிஸ்கட்டில் டோரின் என்ற அமினோ அமிலம், விற்றமின், தாதுப்பொருள் எல்லாம் அளந்து போட்டிருக்கும். டோரின் இல்லாவிட்டால் பூனைக்குக் கண்ணும் போகும், இதயமும் பலவீனமாகும். நம் வீட்டு மீன் சோற்றில் அந்த அளவு இருக்கும் என்ற உறுதி இல்லை. பிஸ்கட்டில் உள்ள ஒரே குறை அது காய்ந்து கிடப்பது. குறையைச் சரிக்கட்டத் தண்ணீர் ஊற்றினால் போகிறது. கடையில் சில்லறையாகக் கிலோக் கணக்கில் நிறுத்துக் கொடுப்பதை வாங்கும்போது மட்டும் கவனம். எந்த வகை, எப்போது செய்தது என்று உறையில்தான் இருக்கும், அதைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். நாய் பிஸ்கட்டைப் பூனைக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அது வேண்டாம், நாய்க்கும் பூனைக்கும் தேவை வேறு.

அம்மம்மா காலத்தில் சோறும் மீன் தலையும்தான். அந்தப் பூனைகள் நல்லாத்தானே இருந்தன?

பாதி சரி. அவித்த சோற்றிலும் அவித்த மீனிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தண்ணீர்தான், அந்த வகையில் அம்மம்மாவின் சிரட்டை இன்றைய காய்ந்த பிஸ்கட் கோப்பையை வென்றுவிடும். அந்தப் பூனைகள் எலி, ஓணான், குருவி என்று வெளியேயும் பார்த்துக்கொண்டன. மறுபாதி, சலம் அடைபட்டுச் செத்த கடுவன் எத்தனை என்று அப்போது யாரும் எண்ணவில்லை. போன பூனையைக் காணவில்லை என்பார்கள், அவ்வளவுதான்.

பிழை சோற்றின் அளவில் இருக்கிறது. மூன்று பிடி சோறு, அதில் மீன் குழம்பு வாசம், ஒரு முள்ளு. பூனை இறைச்சி தின்னும் பிராணி. இறைச்சி தின்றால் சலம் கொஞ்சம் புளிப்புப் பக்கம் இருக்கும், தானியம் கூடினால் புளிப்புக்கு எதிரான காரப் பக்கம் போகும், காரமான சலத்தில் ஸ்ட்ருவைற் என்ற கல்லு இலகுவாக உறையும். ஆகவே கோப்பையில் மீன்தான் பெரும்பகுதி, சோறு தொட்டுக்கொள்ள. குழம்பு போட வேண்டாம். உப்புத் தூள் ஒரு பக்கம் இருக்கட்டும், வெங்காயமும் உள்ளியும் (வெள்ளைப்பூண்டு) பூனையின் இரத்தத்தையே அழிக்கும். குழம்பில் கரைந்திருந்தாலும் அதே கதைதான்.

சரி, நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்? அளவோடு சொல்லுங்கள்.

சூடையனுக்கு இப்போது நாலு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, நலமடித்த (விதை நீக்கிய) கடுவன், ஓடியாடுவது குறைவு. ஒரு நாளைக்கு உப்புப் போடாமல் அவித்த மீனோ கோழியோ 75 கிராம் அளவு (உள்ளங்கையில் பாதி), பூனை பிஸ்கட் 30 கிராம் அளவு (நாலு மேசைக்கரண்டி). இதை மூன்று நேரமாகப் பிரிக்கிறேன். சோறு இருந்தால் ஒரு கரண்டி, இல்லாவிட்டால் இல்லை.

மீன் கழுவி, சட்டியில் மூடுகிற அளவு தண்ணீர் விட்டு, மஞ்சள் கூடப் போடாமல் அவிக்கிறேன். அந்தத் தண்ணீரைக் கொட்டக் கூடாது! டோரின் தண்ணீரில் கரையும் சாமான், அவிக்கும்போது மீனை விட்டு அந்தத் தண்ணீருக்குள்தான் இறங்குகிறது. நாங்கள் வருடக் கணக்காக அதைக் கறிவேப்பிலை மரத்துக்கு ஊற்றிக்கொண்டிருந்தோம், மரம் நல்லாக வளர்ந்தது. இப்போது ஒரு போத்தலில் எடுத்து வைத்து, ஒவ்வொரு நேரமும் பிஸ்கட்டின் மேல் கால் கிளாஸ் இளஞ்சூடாக ஊற்றிப் பத்து நிமிடம் விடுகிறேன். பிஸ்கட் ஊதிப் பஞ்சு மாதிரி வரும்போது மீனை உதிர்த்துப் போட்டுக் கையால் பிசைந்து வைக்கிறேன். முதலில் சாறு முழுவதையும் நக்கி முடித்துவிட்டுத்தான் மீனைத் தொடுவான்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் அன்றன்றைக்கு அவித்ததை அன்றைக்கே முடியுங்கள். எங்கள் வெய்யிலுக்குக் கோப்பையில் வைத்த ஈரச் சாப்பாடு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தாங்காது. சாப்பிட்டு மிஞ்சியதை எடுத்து நாய்க்கோ கோழிக்கோ போட்டுவிடுகிறேன். எறும்புக்குக் கோப்பையை ஒரு தட்டுத் தண்ணீருக்குள் வைப்பது வழக்கம்தானே, சூடையன் சாப்பாடு முடிந்ததும் அந்த அகழித் தண்ணீரையும் சேர்த்துக் குடிப்பான். எறும்பு மிதக்கும். அவனுக்குக் கவலை இல்லை.

இதை முழுநிறைவான உணவு என்று நான் சொல்லவில்லை. பிஸ்கட்டே இல்லாமல் வீட்டுச் சாப்பாட்டில் மட்டும் வளர்க்க ஆசை என்றால் கல்சியம், டோரின், விற்றமின் எல்லாம் வைத்தியரிடம் கேட்டு அளந்து சேர்க்க வேண்டும்.

கருவாடு, மாசி, ரின்மீன்?

கருவாட்டை நேரே கொடுக்க வேண்டாம். உப்புக் கூடினால் தண்ணீர் கூடக் குடிக்கும், அது நல்லதுதானே என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். மருந்துச் சாப்பாடு சிலவற்றில் உப்பைக் கொஞ்சம் கூட்டியிருப்பது உண்மை. அது அளந்து போட்டது. முல்லைத்தீவுக் கடற்கரையில் வெட்டி உப்படைந்து காயவைத்த கட்டாக் கருவாட்டில் எவ்வளவு உப்பு என்று யார் அளந்தார்கள்? சிறுநீரகம் பழுதான கிழட்டுப் பூனைக்கு அது கேடு. ரின்மீன் அவசரத்துக்கு, சாறை வடித்துக் கழுவி ஒரு துண்டு. மாசி, மணத்துக்கு ஒரு கிள்ளு தூவினால் சாப்பிடாத பூனையும் சாப்பிடும், அதற்கு மேல் வேண்டாம்.

குளத்து மீன் கொடுக்கலாமா? பச்சையாக?

இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், எந்தக் குளத்துத் திலாப்பியாவும் நல்ல மீன்தான், மலிவும். அவித்துக் கொடுங்கள். பச்சை மீன் பலவற்றில், குளத்துக் கெண்டை வகையிலும் கடல் சாளை சூடையிலும், தயமின் என்ற விற்றமினை அழிக்கும் நொதி ஒன்று இருக்கிறது. நாளாந்தம் பச்சையாகத் தின்றால் பூனை தலை ஆடி, நடை தள்ளாடும். அவித்தால் அந்த நொதி செத்துவிடும், புழுவும் சாகும். திலாப்பியா முள்ளு வலிது, உதிர்த்துக் கொடுக்க வேண்டும். சூடை, நெத்தலி முள்ளு அவிந்தால் நசியும். ஆனால் வெறும் தலையும் முள்ளும் மட்டும் தினம் கொடுத்தால் கல்சியம், பொசுபரசு, மக்னீசியம் எல்லாம் கூடிவிடும். அவைதான் கல்லின் கச்சாப் பொருட்கள். தலையைப் பூனைக்கும் சதையை எங்களுக்கும் என்று பிரிக்கிற பழக்கத்தைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். ஒரு துண்டு சதை அதற்கும் போகட்டும்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் கல்லுத் தண்ணீர். கேத்தலில் வெள்ளை படிகிறது. அதனால்தான் பூனைக்குக் கல்லா? ஆர்.ஓ. தண்ணீர் (வடிகட்டி உப்பு நீக்கிய தண்ணீர்) வாங்க வேண்டுமா?

வன்னியில் இந்தக் கேள்வி வராத நாள் இல்லை. வவுனியா, வெலிஓயாப் பக்கம் காரணம் சரியாகப் பிடிபடாத சிறுநீரக நோயால் சனம் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு, கிணற்றையே சந்தேகிப்பது நியாயம்தான். ஆனால் பூனையின் சலக்கல்லுக்குத் தண்ணீரின் கடினத்தன்மைதான் காரணம் என்று உறுதியான சான்று இல்லை. சாப்பாட்டில் இருந்து வருகிற தாதுப்பொருளோடு பார்த்தால் தண்ணீரில் இருந்து வருவது கொஞ்சம். கல்லுத் தண்ணீர் 200 மில்லிலீற்றர் குடிக்கிற பூனை, ஆர்.ஓ. தண்ணீர் 50 மில்லிலீற்றர் குடிக்கிற பூனையைவிட நல்ல நிலையில் இருக்கும்.

உங்கள் வீட்டில் குடிக்க ஆர்.ஓ. தண்ணீர் கான் வாங்குகிறீர்கள் என்றால் அதில் ஒரு கிளாஸ் பூனைக்கும் ஊற்றுங்கள், உவர்ப்பு இல்லாததால் சில பூனைகள் கூடக் குடிக்கும். அதற்காகத் தனியாக வாங்க வேண்டியதில்லை. வறட்சிக்குப் பவுசரில் வருகிற தண்ணீரில் குளோரின் மணம் இருந்தால் ஒரு இரவு திறந்து வைத்துவிட்டுக் கொடுங்கள்.

தண்ணீர்க் கோப்பையை எங்கே, எப்படி வைப்பது?

சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வேண்டாம், மண் பெட்டிக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். வீட்டுக்குள் ஒன்று, விறாந்தையில் ஒன்று, கிணற்றடியில் ஒன்று. அகலமான மண்சட்டி எனக்குப் பிடித்தது, சோழகம் அடிக்கிற ஆடி வெய்யிலிலும் தண்ணீர் குளிர்ந்து இருக்கும், பூனையின் மீசையும் விளிம்பில் முட்டாது. சிரட்டை சின்னது, ஒரு மணி நேரத்தில் சுட்டுவிடும். விளிம்பு வரை நிரப்புங்கள். ஒவ்வொரு நாளும் பழையதை ஊற்றிவிட்டுத் தேய்த்துக் கழுவிப் புதிது. வயல் மருந்து வந்த கானை வெட்டித் தண்ணீர் வைக்கிறதை நான் இரண்டு வீட்டில் பார்த்தேன், எத்தனை தரம் கழுவினாலும் அது வேண்டாம்.

இளநீர், நெருஞ்சில் கசாயம், பார்லித் தண்ணீர், தேசிக்காய்?

இளநீர்தான் எனக்குப் பெரிய பயம். மனிதருக்குச் சலக்கடுப்பு என்றதும் முதலில் வெட்டுவது இளநீர். அதில் பொற்றாசியம் நிறைய. அடைபட்ட பூனையின் இரத்தத்தில் ஏற்கெனவே ஏறி நிற்பது அதே பொற்றாசியம்தான். சிறிஞ்சால் வாயில் இளநீர் பருக்கினால் சாவைக் கிட்டக் கூப்பிடுகிறீர்கள்.

நெருஞ்சிலும் வாழைத்தண்டும் மனிதருக்குச் செய்கிற வைத்தியம், பூனைக்கு அளவு தெரியாது, பலனும் காட்டப்படவில்லை. அடைபட்டிருக்கும்போது சலத்தைக் கூட்டுகிற எதையும் கொடுத்தால் வெளியே வழியில்லாத சலப்பைதான் இன்னும் வீங்கும். பார்லி வெறும் மாத்தண்ணீர். தேசிக்காய், வினாகிரி ஊற்றிச் சலத்தைப் புளிப்பாக்குவது என்று இணையத்தில் சிலர் எழுதுகிறார்கள். உங்கள் பூனைக்கு என்ன கல்லு என்றே தெரியாமல் எந்தப் பக்கம் தள்ளப் போகிறீர்கள்?

நோவுக்குப் பனடோல் கால் வில்லை கொடுக்கலாமா?

கொடுக்கவே கூடாது. பனடோலில் இருக்கிற பரசிற்றமோலை முறிக்கிற வழி பூனையின் ஈரலில் இல்லை. அந்தக் கால் வில்லையே கொன்றுவிடும்.

பால்?

வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பசுப்பால் செமிக்காது, வயிற்றால் போகும், போனால் உடம்புத் தண்ணீர் குறையும். தண்ணீர் குடிக்கவைக்க வேண்டும் என்றால் மீன் அவித்த சாறு பாலைவிட நூறு மடங்கு நல்லது.

வைத்தியர் கல்லு என்றார், மருந்துச் சாப்பாடு எழுதினார். விலை நெருப்பு. மீன் மட்டும் கொடுத்துச் சமாளிக்கலாமா?

எந்தக் கல்லு என்று கேளுங்கள். பெரும்பாலும் இரண்டு வகை. ஸ்ட்ருவைற் என்பது மக்னீசியமும் அமோனியமும் பொசுபேற்றும் சேர்ந்தது, சலத்தைக் கொஞ்சம் புளிப்பாக்கி நீர்த்துப்போகச் செய்தால் சில கிழமைகளில் கரைந்தேவிடும். ஹில்ஸ், ரோயல் கனின் போன்றவை இதற்கென்றே சாப்பாடு செய்கின்றன. கல்லு கரையும் வரை அதை மட்டும்தான் கொடுக்க வேண்டும், இடையில் ஒரு துண்டு மீன் என்றாலும் கணக்குக் குழம்பும். விலைதான், ஆனால் வெட்டிக் கல்லு எடுப்பதோடு பார்த்தால் மலிவு. மற்றது கல்சியம் ஒக்சலேற்று, எந்தச் சாப்பாட்டுக்கும் கரையாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். பெரிய சத்திரசிகிச்சை என்றால் ஏ9 வீதியால் இறங்கிப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலை வரை போக நேரலாம்.

இதில் ஒரு பழைய கதை இருக்கிறது. அமெரிக்காவில் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 1981இல் இருந்து பிராணிகளின் கல்லுகளைச் சேர்த்துப் பரிசோதிக்கிறார்கள். 1980களின் தொடக்கத்தில் வந்த பூனைக் கல்லுகளில் பெரும்பாலானவை ஸ்ட்ருவைற். உடனே கம்பனிகள் மக்னீசியத்தைக் குறைத்து, சலத்தைப் புளிப்பாக்கும் விதமாகச் சாப்பாட்டை மாற்றின. ஸ்ட்ருவைற் குறைந்தது, 1990களின் நடுவில் ஒக்சலேற்று அதை முந்திவிட்டது. ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் சரிகிறது. தண்ணீரைக் கூட்டுவது ஒன்றுதான் இரண்டு கல்லுக்கும் பொதுவான வழி, அதனால்தான் நான் எந்தக் கேள்விக்கும் சுற்றிச் சுற்றித் தண்ணீருக்கே வருகிறேன்.

நலமடித்தால் சலம் அடைக்கும் என்று மாமா சொல்கிறார்.

வெட்டுவதால் குழாய் ஒடுங்குவதில்லை. நலமடித்த பிறகு பூனைக்குச் சாப்பாட்டுத் தேவை கால்வாசி குறையும், பசி குறையாது. நாங்கள் பழைய அளவே போடுவோம், அது கொழுத்து அடுப்படியில் படுத்துக் கிடக்கும். அந்தக் கொழுப்பும் படுக்கையும்தான் வினை. மாமாவுக்குச் சொல்லுங்கள், சாப்பாட்டைக் குறைத்தால் போதும்.

மாரி தொடங்கினால்தான் எங்கள் பூனைக்கு வருத்தம் வருகிறது. தண்ணீர்ப் பஞ்சம் இல்லாத காலமாச்சே?

நானும் இதைக் கவனித்திருக்கிறேன். ஐப்பசி கார்த்திகையில் முற்றம் முழுக்கச் சேறு, பூனை வெளியே போகாது, சலத்தை அடக்கிக்கொண்டு அடுப்படியில் சுருண்டு கிடக்கும், குளிருக்குத் தண்ணீரும் குடிக்காது. தடித்த சலம் சலப்பையில் நெடுநேரம் கிடக்கும். நனைந்த நாயும் வீட்டுக்குள் வந்து படுத்தால் பயம் வேறு. மழை தொடங்க முதலே ஒரு பழைய பேசினில் ஆற்று மணலோ உமியோ போட்டு அமைதியான மூலையில் வையுங்கள், ஒரு பூனைக்கு இரண்டு பேசின், இரண்டு பூனைக்கு மூன்று. ஒவ்வொரு நாளும் அள்ளுங்கள். மாரியில் சாற்றை நல்ல சூடாக்கி ஆறவிட்டு இளஞ்சூட்டில் கொடுத்தால் விரும்பிக் குடிக்கும்.

பிஸ்கட் நனைத்தால் என் பூனை திரும்பியும் பார்க்காது. பட்டினி போட்டால் வழிக்கு வருமா?

பட்டினி போட வேண்டாம். பூனை, அதிலும் கொழுத்த பூனை, இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் ஈரலில் கொழுப்பு ஏறி அதுவே தனி வருத்தமாகிவிடும். முதல் நாள் நாலு சொட்டுச் சாறு. அடுத்த நாள் ஒரு தேக்கரண்டி. இப்படி ஏழில் இருந்து பத்து நாள், பிடிவாதக்காரன் என்றால் ஒரு மாதம். எங்கள் மற்ற அடுப்படிப் பூனை ஊறின பிஸ்கட்டை இன்றுவரை தொடாது, காய்ந்த பிஸ்கட்டும் பக்கத்துக் கோப்பையில் தனிச் சாறுமாகத்தான் சாப்பிடுகிறது. உள்ளே போனால் சரி.

இதெல்லாம் வேலை செய்கிறது என்று எப்படித் தெரியும்?

வைத்தியரிடம் சலம் பரிசோதித்தால் அடர்த்தி சொல்வார், 1.035க்குக் கீழே நின்றால் நல்லது. ஒருதரம் வந்த பூனைக்கு, முதல் சில மாதத்துக்குள் திரும்ப வருவது சாதாரணம் என்பதால் அந்தக் காலத்தில் கண்ணை எடுக்காதீர்கள். சூடையனுக்கும் ஆறு கிழமையில் ஒருதரம் இரத்தம் தெரிந்தது, அடைக்கவில்லை.

வீட்டில் பார்ப்பதற்குப் பேசின் மணல் போதும். சூடையன் காய்ந்த பிஸ்கட் மட்டும் தின்ற நாளில் காலையில் மணலில் இருந்தது இரண்டு ரூபாய்க் குத்தி அளவில் ஒரு ஈரக் கட்டி, கிட்டப் போனால் மூக்கைத் துளைக்கும். இப்போது ஒரு நாளைக்கு மூன்று இடம், ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம், மணமும் அவ்வளவு இல்லை. மணல்தான் முந்தியைவிடக் கெதியில் முடிகிறது.